மூடியும் முடிச்சும்



உங்கள் இல்லத்தில் நீர் தேங்கியிருக்கும் இடங்கள் எத்தனை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அடுப்பங்கரையில் குடிநீர்க் குடம், குளியலறையில் சிமெண்ட் தொட்டி, பின்கட்டில் பிளாஸ்டிக் டிரம், மொட்டை மாடியில் மேல்நிலைத் தொட்டி, வாசற்புறத்தில் தரைக்கடியில் ஒரு தொட்டி, பழைய வீடாயின் முற்றத்தில் ஒரு கிணறு, தோட்டம் துரவு உள்ளவராயின் ஓர் ஆழ்துளைக் கிணறு. எண்ணி முடிக்கும்பொழுது நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மூடி இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது" என்றே பெரும்பாலோர் கூறுவர். அந்த மூடி எதனால் நிலைபெற்றிருக்கிறது என்று கேட்டால்தான் தயக்கம் பிறக்கும். சில மூடிகள் சும்மா வைக்கப்பட்டிருக்கும். சில கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். சில திருகப்பட்டிருக்கும், ஆனால் அரைத் திருகோடு நின்றிருக்கும். சிலவற்றின் மேல் ஒரு செங்கல் வீற்றிருக்கும். மூடி வாங்கும்பொழுது அதன் அளவையும் விலையையும் பார்க்கிறோம். அது எவ்வாறு பொருந்தி நிற்கும் என்பதைப் பார்ப்பதில்லை. இம்மாதம் அதைப் பற்றியே உங்களுடன் உரையாட விரும்புகிறேன். பேசுபொருள் சிறியதுதான். ஆனால் பிள்ளைகளின் காய்ச்சலும், சில வேளை பிள்ளைகளின் உயிருமே இதில் அடங்கியிருக்கின்றன.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும், தண்ணீர்த் துருத்திகளின் வாயைக் கட்டி வைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். மூட ஒன்றும் கிடைக்காவிடில் ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கும்படி அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அச்செய்தியில் இரண்டு பாத்திரங்களுக்கு இரண்டு வினைகள் வந்திருப்பதைக் கவனியுங்கள். விறைப்பான வாயுள்ள பாத்திரத்துக்கு மூடுதல். துவண்டு கிடக்கும் தோல் துருத்திக்குக் கட்டுதல். பாத்திரத்தின் இயல்புக்கேற்ப அடைக்கும் முறையும் மாறுகிறது. இந்த எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு நம் வீட்டைச் சுற்றி வருவோம்.

எந்த மூடியைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப் போகிறோம்? இதைத் திறக்க வேண்டியவர் யார், திறக்கக் கூடாதவர் யார்? இது எதைத் தடுக்க வேண்டும்? தூசியையா, கொசுவையா, காற்றையா, குழந்தையையா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தப் பிணைப்பு வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில், சும்மா வைக்கும் மூடியை எடுத்துக்கொள்வோம். குடிநீர்க் குடத்தின் மேல் கவிழ்த்து வைக்கும் தட்டு இவ்வகையைச் சேர்ந்தது. இதன் சிறப்பு எளிமை. ஒரு கையால் எடுக்கலாம். மறு கையால் நீர் முகக்கலாம். நாளொன்றுக்கு இருபது முறை திறக்கும் பாத்திரத்துக்கு இதைவிடக் கடினமான பிணைப்பு ஒத்துவராது. கடினமாயின் என்ன நடக்கும்? ஒரு முறை திறந்தவர் அடுத்த முறைக்காகத் திறந்தே வைத்துவிடுவார். ஆகவே, அடிக்கடி திறக்கும் பாத்திரத்துக்கு எளிய மூடியே பாதுகாப்பான மூடி.

ஆனால் இதன் குறையும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து கையையும் குவளையையும் உள்ளே விடுகிறோம். கையின் அழுக்கு நீரில் சேர்கிறது. 1991ஆம் ஆண்டு பெரு நாட்டில் தொடங்கி லத்தீன் அமெரிக்கா எங்கும் காலரா பரவிய பொழுது, வீட்டுக்குள் சேமிக்கும் நீரே மாசடைகிறது என்பதை மருத்துவ வல்லுநர்கள் கண்டனர். அதன் பின்னர் அவர்கள் பரிந்துரைத்த பாத்திரம் எது தெரியுமா? கை நுழையாத குறுகிய வாய், அதற்குத் திருகு மூடி, அடியில் ஒரு குழாய். நீர் நிரப்பும்பொழுது மட்டும் மூடி திறக்கப்படும். நீர் எடுப்பதற்கு மூடியைத் தொட வேண்டியதே இல்லை.

குழாய் வைத்த எவர்சில்வர் பானைகளும் மண்பானைகளும் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. குழாய் வைத்துவிட்டால் முதல் வினாவின் விடையே மாறிவிடுகிறது. நாளுக்கு இருபது முறை திறந்த மூடி, நாளுக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் மூடியாகிறது. அப்பொழுது சற்று இறுக்கமான பிணைப்பைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இதே வழியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வேறொரு நோக்கத்துக்காகக் கையாண்டிருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசுவே என்பது 1900ஆம் ஆண்டு கியூபாவில் நடந்த ஆய்வில் உறுதியாயிற்று. டெங்குவை நம்மிடையே பரப்புவதும் இந்தக் கொசுவே. அடுத்த ஆண்டு ஹவானா நகரில் வில்லியம் கோர்காஸ் என்னும் இராணுவ மருத்துவர் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, மழைநீர்ப் பீப்பாய்களுக்கு மூடியிட்டார். மூடியின் நடுவே நீர் விழ ஒரு துளை. அத்துளைக்குக் கம்பி வலை. பீப்பாயின் அடியில் ஒரு குழாய். மக்கள் மூடியைத் திறக்கத் தேவையில்லாதபடி அமைத்ததே அவருடைய நுட்பம். இன்ன பிற நடவடிக்கைகளோடு இதுவும் சேர்ந்து, 1901ஆம் ஆண்டு முடிவதற்குள் மஞ்சள் காய்ச்சல் அந்நகரை விட்டு அகன்றது. பின்னர் பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட பகுதியிலும் இதே முறைகளை அவர் பின்பற்றினார்.

இனி, கட்டும் மூடிக்கு வருவோம். ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியை விரித்து, கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுக்குவதை நம் பாட்டிமார்கள் 'வேடு கட்டுதல்' என்பார்கள். அழகான சொல், பயனுள்ள முறை. காற்றும் வெயிலும் உள்ளே போக வேண்டும், ஈயும் எறும்பும் போகக் கூடாது என்ற இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது வேடு. நீர் டிரம்முக்கும் இதுவே ஏற்றது. வாய் அகன்றிருந்தாலும், சற்றே கோணியிருந்தாலும், கயிறு அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். தகர மூடியோ பலகையோ அப்படி வளையாது. பலகைக்கும் டிரம்மின் விளிம்புக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தால், கொசுவுக்கு அது கோட்டை வாசல்.

கொசுவின் பழக்கத்தை அறிந்தால் இது எத்துணை முக்கியம் என்பது புரியும். ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரையே நாடுகிறது. நீரின் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்ட வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மீண்டும் நீர் ஏறித் தொட்டவுடன் பொரிக்கும். முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். அக்கொசு நெடுந்தூரம் பறப்பதுமில்லை. ஆகவே, உங்கள் பிள்ளையைக் கடிக்கும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும். 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்டோரையும், 2017ஆம் ஆண்டு 23,000க்கும் மேற்பட்டோரையும் டெங்கு பற்றியதாக அரசின் கணக்கு கூறுகிறது. அவ்விரண்டு ஆண்டுகளிலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை நாம் இழந்தோம்.

வேடு கட்டுவதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கயிறு. பருத்தி, தேங்காய் நார் முதலியவற்றால் திரித்த கயிறு நனைந்தால் பருத்துச் சுருங்கும்; காய்ந்தால் தளரும். நனைந்த கயிற்றால் இறுக்கி முடிச்சிட்டுவிட்டு, மறுநாள் வெயிலில் பார்த்தால் முடிச்சு நெகிழ்ந்திருக்கும். ஆகவே காய்ந்த கயிற்றையே கட்ட வேண்டும். நைலான் கயிறோ நனைந்தால் சற்று நீளும். அதன் வழவழப்பால் ஒற்றை முடிச்சு நழுவும். அதற்கு இரட்டை முடிச்சு இட வேண்டும்.

இரண்டாவது, கட்டும் இடம். டிரம்மின் வாய்க்கு நேராகக் கட்டினால் கயிறு மேலே வழுகிவிடும். டிரம்மின் உடலில் புடைத்திருக்கும் மேல் வளையத்துக்குக் கீழே கட்டினால் அவ்வளையமே கயிற்றைப் பிடித்து நிறுத்தும்.

மூன்றாவது, துணியின் தொய்வு. துணி நடுவில் தொய்ந்து குழிந்தால் அக்குழியில் மழைநீர் தேங்கும். கொசுவைத் தடுக்கக் கட்டிய துணியே கொசுவின் தொட்டிலாகிவிடும். கொசுவலையாக இருந்து அது நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், வலைக்கு மேலிருந்தே கொசு முட்டையிட வழி பிறக்கும். ஆகவே வலையை மத்தளத்தின் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழேயே நீரின் மட்டத்தை நிறுத்த வேண்டும்.

வேட்டுக்கு ஒரு குறை உண்டு. அவிழ்ப்பதற்கும் கட்டுவதற்கும் இரண்டு கைகளும் சற்றுப் பொறுமையும் வேண்டும். அதிகாலையில் குழாயில் நீர் வரும் அரை மணி நேரத்துக்குள் நான்கு டிரம்களையும் நிரப்ப வேண்டிய தாய்மாரிடம் முடிச்சவிழ்க்கச் சொல்வது நடவாத காரியம். அவர்களுக்கு ஏற்றது எலாஸ்டிக் வைத்த வலை மூடி.

இதை வீட்டிலேயே தைக்கலாம். 200 லிட்டர் டிரம்மின் குறுக்களவு ஏறத்தாழ 58 செ.மீ. இருக்கும். கொசுவலைத் துணியில் 90 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். விளிம்பை இரு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து, அதனுள் எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். டிரம்மின் சுற்றளவு ஏறத்தாழ 182 செ.மீ. வருவதால், அதில் முக்கால் பங்காக 135 செ.மீ. எலாஸ்டிக் போதும். பாவாடைக்கு நாடா கோக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது கைவந்த கலைதான். ஒரே இழுப்பில் கழற்றலாம். ஒரே இழுப்பில் மாட்டலாம்.

ஆனால் எலாஸ்டிக்கை முழுமையாக நம்பிவிடலாகாது. வெயில் ரப்பரின் பகை. நிழலில் நெடுநாள் உழைக்கும் எலாஸ்டிக், திறந்த வெளியில் விரைவிலேயே நெகிழ்ந்துவிடும். நெகிழ்ந்த எலாஸ்டிக் மூடி வெளிப்பார்வைக்கு மூடியது போலவே இருக்கும். அருகில் சென்று பார்த்தால்தான் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டிருப்பது தெரியும். எனவே வெயிலில் நிற்கும் டிரம்முக்கு, அந்த மடிப்புக்குள் எலாஸ்டிக்குக்குப் பதிலாகக் கயிற்றைக் கோத்து, சுருக்குப் பையைப்போல் இழுத்துக் கட்டும்படி அமைப்பது மேல். நிழலில் எலாஸ்டிக், வெயிலில் சுருக்குக் கயிறு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திருகு மூடி. அந்நாளில் ரயில் பயணத்துக்குக் கூஜா எடுத்துச் சென்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். வண்டி எத்தனை குலுங்கினாலும் நீர் சிந்தாது. இன்று மாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் பலவற்றுக்கும் திருகு மூடிதான். சிலவற்றுக்கு அழுத்திப் பொருத்தும் மூடி உண்டு. மாடித் தொட்டியின் மூடி தடுக்க வேண்டியவை மூன்று: கொசு, காற்று, பறவைகளின் எச்சம். நெடுநாளைக்கு ஒரு முறையே அது திறக்கப்படும். ஆகவே இங்கே இறுக்கமான பிணைப்பே பொருத்தம்.

திருகு மூடியின் பலம் அதன் மரையில் இருக்கிறது. மரை முதல் சுற்றிலேயே நேராகப் பொருந்த வேண்டும். சாய்வாக வைத்து வலிந்து திருகினால் மரை தேய்ந்து, பின்னர் எப்பொழுதுமே பாதிவரைதான் சுற்றும். மூடியை முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் 'டொக்' என்று இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் வழுவாமல் பொருந்தும். கூஜாவுக்கும் இதே வழி. குழந்தையின் தண்ணீர்ப் புட்டிக்கும் இதே வழி.

அழுத்திப் பொருத்தும் மூடியாயின், காற்றுக் காலத்தில் அதைத் தனியே விடலாகாது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலையும், 2018 நவம்பர் 16 அன்று நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை வட்டாரங்களைக் குலைத்த கஜா புயலையும் அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்னையைச் சாய்க்கும் காற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி எம்மாத்திரம்? மூடியின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு துளைகளிட்டு, தொட்டியின் கழுத்தைச் சுற்றிய கம்பியோடு பிணைத்துவிட வேண்டும். துளையை மூடியின் விளிம்பில்தான் இட வேண்டுமேயன்றித் தொட்டியின் உடலில் இடக் கூடாது. மேலே செங்கல் வைப்பது தீர்வாகாது. பெருங்காற்றில் மூடியோடு செங்கல்லும் கீழே விழும்; கீழே யார் நிற்கிறார்கள் என்று காற்று பார்ப்பதில்லை.

மூடியை மட்டும் கட்டிவிட்டு, நீர் வழிந்தோடும் குழாயை மறந்துவிடுகிறோம். அதன் வாய் திறந்திருந்தால் கொசு அவ்வழியே உள்ளே போகும். அதுபோல், மலக்குழித் தொட்டியின் காற்றுக் குழாய் உச்சியும் கொசுக்கள் வெளிவரும் வாசல். இவ்விரண்டுக்கும் வலை கட்ட வேண்டும். உயரத்தில் வெயில் காயும் இடமாதலால் நைலான் வலை சீக்கிரம் இற்றுப்போகும்; துருப்பிடிக்காத கம்பி வலை நெடுநாள் நிற்கும். கட்டிடப் பணிக்குப் பயன்படுத்தும் சாதாரணக் கட்டுக்கம்பியும் மழையில் துருப்பிடித்து அறுந்துவிடும். ஆகவே வலைக்கு ஏற்ற செம்புக் கம்பியோ துருப்பிடிக்காத கம்பியோ கொண்டு கட்டச் சொல்லுங்கள்.

இதுவரை கொசுவையும் தூசியையும் பற்றிப் பேசினோம். இனிப் பேசப்போவது குழந்தைகளைப் பற்றி.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இவ்வயதினர் மூழ்குவதற்குக் கடலும் ஆறும் தேவையில்லை. வீட்டு வாளியே போதும். தலை கனத்த சிறு குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால், தானாக நிமிர்ந்து எழ அதனால் இயலாது. சத்தமும் கேட்காது. ஆகவே, தவழும் குழந்தை உள்ள வீட்டில் வாளிக்கு மூடி தேடுவதைவிட, வேலை முடிந்ததும் கவிழ்த்து வைப்பதே சிறந்த காப்பு.

தரைக்கடித் தொட்டியை அவ்வாறு கவிழ்க்க முடியாது. அதற்கு வேண்டியது கீலும் கொண்டியும் பூட்டும். பல வீடுகளில் இத்தொட்டியின் வாயில் சிமெண்ட் பலகை ஒன்று சும்மா கிடக்கும். அது கனமாக இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் கனமே அதன் குறை. நகர்த்துவது கடினமாதலால், லாரித் தண்ணீர் வரும் நாளில் நகர்த்தியவர் அதை முழுவதும் திருப்பி மூடாமல் அரைவாசியில் விட்டுச் செல்வார். இழுத்து இழுத்து ஓரங்களும் உடையும். பிள்ளையின் கால் நுழையும் அளவுக்கு ஒரு வாய் எப்பொழுதும் திறந்தே இருக்கும்.

கீல் வைத்த இரும்பு மூடியோ தொட்டியை விட்டு அகலாது. திறந்தால் நிற்கும்; தள்ளினால் மூடும். ஆயினும் வாங்கும்பொழுது நான்கு அம்சங்களைப் பாருங்கள். மூடி, தொட்டியின் வாயைவிடச் சற்று அகன்று, உயர்த்திக் கட்டிய விளிம்பின்மேல் தொப்பிபோல் கவிய வேண்டும். அப்பொழுதுதான் வாசல் கழுவிய நீர் உள்ளே இறங்காது. திறந்த மூடி காற்றில் சாய்ந்து யார் கையிலும் விழாதபடி பின்புறம் ஒரு சங்கிலியோ கொக்கியோ இருக்க வேண்டும். கீலை ஆண்டுக்கொரு முறை துரு நீக்கி எண்ணெயிட வேண்டும். கொண்டியில் பூட்டு தொங்க வேண்டும். அதன் சாவி பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். பூட்டுப் போடாத கொண்டி, திறக்கத் தெரியாத குழந்தையை மட்டுமே தடுக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைத் திறக்கத் தெரியும்.

முற்றத்துக் கிணற்றுக்கும் இவ்வாறே. கிணற்றின் வாய் முழுவதும் இரும்புக் கம்பித் தட்டி அமைத்து, அதைக் கைப்பிடிச் சுவரோடு போல்ட்டு நட்டு கொண்டு இறுக்கிவிட வேண்டும். வாளி இறங்கும் அளவுக்கு மட்டும் நடுவில் ஒரு சிறு கதவு, அதற்குக் கீலும் தாழ்ப்பாளும் போதும். தட்டியின்மேல் கொசுவலைக் கம்பியையும் விரித்துவிட்டால் ஒரே செலவில் இரண்டு காப்பு. பெரிய தட்டி நிலையாக இருக்க, சிறு கதவு மட்டும் திறந்து மூடும் இந்த ஏற்பாட்டில், அடிக்கடி திறக்கும் பகுதிக்கும் ஒருபோதும் திறக்கத் தேவையில்லாத பகுதிக்கும் தனித்தனிப் பிணைப்பு இருப்பதைக் கவனியுங்கள்.

இறுதியாக ஆழ்துளைக் கிணறு. இதைப் பற்றி எழுதும்பொழுது கை சற்று நடுங்கத்தான் செய்கிறது. 2019 அக்டோபர் 25ஆம் நாள், திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்பது மணி நேரத்துக்கும் மேலாக மீட்புப் பணி நடந்தது. தமிழகமே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பிரார்த்தித்தது. 29ஆம் நாள் அதிகாலையில் உயிரற்ற உடலே மீட்கப்பட்டது. அந்தத் துளையின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதை அடைக்க ஆகும் செலவும் மிகச் சிறியது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளைத் தெளிவாக வகுத்துத் தந்திருந்தது. மூடியின் பிணைப்பைக்கூட அது சொல்லாமல் விடவில்லை. குழாயின் வாயில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். அல்லது வலுவான மூடியிட்டு, அதைக் குழாயோடு போல்ட்டும் நட்டும் கொண்டு முடுக்க வேண்டும். குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 செ.மீ., கீழ் 30 செ.மீ. இருக்குமாறு சிமெண்ட் மேடை கட்ட வேண்டும். தோண்டும் காலத்தில் சுற்றிலும் முள்வேலி போன்ற தடுப்பு வேண்டும். கைவிடப்பட்ட துளையாயின், அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் முதலியவற்றால் நிரப்பிவிட வேண்டும். நில உரிமையாளர் தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும்.

சாக்கைச் சுற்றிக் கட்டுதல், கல்லைத் தூக்கி வைத்தல், தென்னை மட்டையைப் பரப்புதல் ஆகியவற்றுக்கு இந்த நெறிமுறையில் இடமில்லை என்பதைப் பாருங்கள். சாக்கு வெயிலில் மக்கிவிடும். கல்லை விளையாடும் பிள்ளைகள் உருட்டிவிடுவார்கள். மட்டையோ துளையை மறைக்கும், அடைக்காது. திறந்த துளையைவிட மறைந்த துளை கொடியது. மேலே மட்டும் மண்ணைத் தள்ளி மூடுவதும் ஆபத்தே. மழை பெய்து மண் உள்ளே இறங்கினால் வாய் மீண்டும் திறந்துகொள்ளும். கருவியின்றித் திறக்க இயலாத பிணைப்பே இங்கே பிணைப்பு. பயன்பாட்டிலுள்ள கிணற்றுக்குப் போல்ட்டும் நட்டும். மோட்டாரைத் தற்காலிகமாக எடுத்து வைத்திருக்கும் கிணற்றுக்குப் பற்றவைத்த தகடு. இனி வேண்டாத கிணற்றுக்கு அடி முதல் நுனி வரை மண். மோட்டாரைப் பழுது பார்க்கக் கழற்றிச் சென்ற அன்று மாலையே குழாயின் வாய் அடைபட வேண்டும். "நாளைக்கு வந்து மாட்டிவிடுவார்கள்" என்று ஓர் இரவும் விட்டுவிடாதீர்கள்.

"இத்தனை ஏற்பாடுகளுக்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். ஒன்றைச் சொல்கிறேன். டிரம்முக்கு வேண்டியது ஒரு துண்டு வலையும் ஒரு முழக் கணக்கில் எலாஸ்டிக்கும். மாடித் தொட்டிக்கு இரண்டு துளையும் ஒரு கம்பியும். தரைத் தொட்டிக்கு ஒரு பூட்டு. ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு தகடும் பற்றவைப்பவரின் அரை மணி நேரமும். ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பூட்டிவிட்டால் வீட்டிலுள்ள பெரியம்மா எப்படித் திறப்பார்?" என்று கேட்பவரும் உண்டு. நியாயமான கேள்வி. மூட்டு வலியுள்ள முதியவரால் இறுகிய திருகு மூடியைத் திறக்க முடியாது. திறந்துவிட்டால் மீண்டும் இறுக்க முடியாது. அவர் புழங்கும் பாத்திரத்துக்குத் திருகு மூடி கொடுப்பது, அதைத் திறந்தே வை என்று அவரிடம் சொல்வதற்குச் சமம். அவருக்குக் குழாய் வைத்த பானையும் கைப்பிடியுள்ள இலேசான மூடியும் கொடுங்கள். வீட்டில் நீர் எடுக்க வேண்டியவர்களில் மிகவும் வலுக்குறைந்தவர் யாரோ, அவருடைய கை எளிதில் மூடக்கூடியதாக இருக்க வேண்டும். திறக்கக் கூடாதவர்களில் மிகவும் துடுக்கானவர் யாரோ, அவருடைய கையால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்த இரண்டு கைகளையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கடைக்காரர் காட்டும் முதல் மூடியே உங்களுக்கு ஏற்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எங்கள் மதரஸாவில் வாரம் ஒரு நாள், அஸருக்குப் பின் பெரிய மாணவர்கள் இருவர் மாடித் தொட்டியிலிருந்து ஒளூச் செய்யும் குழாய்த் தொட்டி வரை எல்லா மூடிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள். கண்ணால் பார்த்தால் போதாது. கையால் அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி. அசையும் மூடியை அன்றே சரிசெய்துவிடுகிறோம். வாரம் ஒரு நாள் என்பதற்குக் காரணம் உண்டு. முட்டை கொசுவாக 7 நாட்களாவது ஆகும் என்று மேலே கண்டோமல்லவா? அதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். அந்நாளிலேயே டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் ஒட்டியிருக்கும் முட்டைகளும் உதிரும். வெறுமனே நீரை மாற்றினால் அவை உதிரா.

உங்கள் வீட்டிலும் இதற்கென ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் ஒப்படைத்து, உடன் நீங்களும் செல்லுங்கள். உங்கள் மூடிகளைப் பார்த்து முடித்தபின், அண்டை வீட்டுப் பாட்டிக்கு மாடி ஏற முடியாதெனில் அவருடைய தொட்டியையும் பார்த்துவிட்டு வாருங்கள். தெருமுனையில் யாரும் கவனியாத குழாய்த் துளை ஒன்று வாய் திறந்து கிடந்தால், நிலம் யாருடையது என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் பிள்ளைகளை அப்பால் அழைத்துக்கொண்டு, ஊராட்சி அலுவலகத்துக்கோ வட்டாட்சியருக்கோ அன்றே தெரிவியுங்கள். தகடு வந்து சேரும் வரை அவ்விடத்தில் பெரியவர் ஒருவர் காவல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், வேறொரு பொருளுடன் சந்திப்போம். அதற்குள் குறைந்தது ஒரு மூடியையாவது சரிசெய்துவிடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று ஐயமிருந்தால், உங்கள் வீட்டுச் சிறு பிள்ளை நிற்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் நீரிலிருந்து தொடங்குங்கள்.